ஒரே குதிரைசக்தி, வெவ்வேறு வேலை: சிறு படகு எஞ்சின்களை ஒப்பிட்டுத் தேர்ந்தெடுக்கும் முறை

மாட்டுச் சந்தைக்குச் செல்லும் உழவர், மாட்டின் உயரத்தை மட்டும் பார்த்துப் பணத்தை எண்ணிக் கொடுத்துவிடுவதில்லை. பல்லைப் பிடித்துப் பார்க்கிறார், சுழி பார்க்கிறார், நாலு தப்படி நடத்திப் பார்க்கிறார். ஏருக்கு வேண்டுமா, வண்டிக்கு வேண்டுமா என்பதை வீட்டிலேயே முடிவு செய்துகொண்டுதான் சந்தைக்குள் நுழைகிறார். ஆனால், அதைவிட அதிக விலையுள்ள ஓர் எஞ்சினை வாங்கப் புகும்போது மட்டும் நம்மில் பலர், “எத்தனை குதிரைசக்தி? என்ன விலை?” என்னும் இரண்டு கேள்விகளோடு நின்றுவிடுகிறோம். அதன் பலனைப் பின்னர் ஆண்டுக்கணக்கில் அனுபவிக்கிறோம்.

தமிழ்நாட்டின் கடற்கரை ஆயிரம் கிலோமீட்டருக்கு மேல் நீண்டு 14 மாவட்டங்களைத் தொட்டுச் செல்கிறது. அக்கரையில் ஒரு காலத்தில் துடுப்பாலும் பாயாலும் ஓடிய கட்டுமரங்களும் வள்ளங்களும் இன்று பெரும்பாலும் எஞ்சினால் ஓடுகின்றன. 2004 டிசம்பர் 26 அன்று வந்த ஆழிப்பேரலைக்குப் பின்னர் கண்ணாடி நாரிழைப் படகுகள் பெருகின. அவற்றோடு சிறு எஞ்சின்களும் பெருகின. இவற்றுள் மிகுதியானவை எட்டு முதல் பத்துக் குதிரைசக்தி வரை உள்ளவை. உள்நாட்டு ஊராட்சிகளுக்கும் இந்தப் பொருள் அந்நியமானதன்று. அணைக்கட்டுகளிலும் பெரிய ஏரிகளிலும் மீன்பிடிப்போர் இத்தகைய எஞ்சின்களைப் பயன்படுத்துகின்றனர். 2015 டிசம்பரில் சென்னையிலும், 2023 டிசம்பரில் திருநெல்வேலி, தூத்துக்குடி மாவட்டங்களிலும் வெள்ளம் சூழ்ந்தபோது, மீனவர்களின் சிறு படகுகள் தெருக்களுக்குள் வந்து மக்களை மீட்டதை நாம் அறிவோம். ஆகவே, ஒரே குதிரைசக்தியுள்ள எஞ்சின்களை எவ்வாறு ஒப்பிட்டுப் பார்ப்பது என்பதை ஊராட்சி உறுப்பினர்கள் யாவரும் அறிந்திருப்பது நலம்.

நாம் செய்த பிழை

இந்தப் பாடத்தை நாம் புத்தகத்தில் படித்துத் தெரிந்துகொள்ளவில்லை. சில ஆண்டுகளுக்கு முன்னர் நம் வட்டாரத்தைச் சேர்ந்த ஒரு கடலோரக் குக்கிராமத்தில், மகளிர் குழுக் கடனைக் கொண்டு ஐந்து குடும்பங்கள் எஞ்சின் வாங்க முன்வந்தன. விலைப்புள்ளிகள் வந்தன. எல்லாவற்றிலும் 9.9 குதிரைசக்தி என்றே எழுதியிருந்தது. சக்தி ஒன்றே என்றால் விலை குறைந்ததை வாங்குவதுதானே முறை என்று கூட்டத்தில் கருத்துரைத்தவர்களுள் நாமும் ஒருவர்.

ஆறு மாதம் கழித்து அக்கிராமத்திற்குச் சென்றபோது, ஒரு மீனவரின் மனைவி பள்ளிக்கூட நோட்டுப் புத்தகம் ஒன்றைக் கொண்டுவந்து நம் முன் விரித்தார். ஒரு பக்கம் மீன் விற்ற தொகை. மறுபக்கம் எண்ணெய் வாங்கிய தொகை. பல நாட்களில் மறுபக்கமே கனத்திருந்தது. தவணை கட்டுவதற்காகக் காதில் கிடந்ததை அடகு வைத்த நாளும் அந்தக் கணக்கில் எழுதப்பட்டிருந்தது. “ஐயா, கடல் எங்களை ஏமாற்றவில்லை, எஞ்சின்தான் ஏமாற்றுகிறது” என்றார் அவர். உண்மையில் எஞ்சினும் ஏமாற்றவில்லை. நாம்தான் சரியாகக் கேட்கவில்லை. ஐந்து எஞ்சின்களில் ஒன்று அதற்குள் பிஸ்டன் பிடித்துக்கொண்டு நின்றுபோயிருந்தது. மற்ற நான்கையும் பின்னர் எப்படிச் சீர்செய்தோம் என்பதை உரிய இடத்தில் கூறுவோம்.

குதிரைசக்தி எதைக் கூறும், எதைக் கூறாது?

ஒரு நொடியில் 75 கிலோ எடையை ஒரு மீட்டர் உயரம் தூக்கக்கூடிய திறனே ஒரு குதிரைசக்தி. மின்சாரக் கணக்கில் இது ஏறக்குறைய 735 வாட். எனவே 9.9 குதிரைசக்தி என்பது சற்றேறக்குறைய 7.3 கிலோவாட். எஞ்சினின் மேல்மூடியில் எழுதியிருக்கும் இந்த எண், அதன் உச்ச வேகத்தில், முழு விசையில் கிடைக்கும் திறனைக் குறிக்கும். அந்த வேகத்தை எட்ட முடியாதபடி படகின் பாரம் எஞ்சினை அமுக்கினால், எழுதிய சக்தி நம் கைக்கு வராது.

9.9 என்ற விந்தையான எண் எப்படி வந்தது என்று பலர் கேட்பதுண்டு. அமெரிக்காவில் பல ஏரிகளில் பத்துக் குதிரைசக்தியும் அதற்கு மேலும் உள்ள எஞ்சின்களுக்குத் தடை இருந்தமையால், அந்த வரம்புக்குச் சற்றுக் கீழாக அமைத்து விற்கத் தொடங்கினர். சட்டத்திற்காகப் பிறந்த எண் அது. ஒரே 9.9 என்னும் பெயருக்குள் உள்ளமைப்பு எவ்வளவு மாறுபடலாம் என்பதற்கு ஓர் எடுத்துக்காட்டு: நான்கு ஸ்ட்ரோக் வகையில் சுசுகி நிறுவனத்தின் ஒரு மாதிரி 208 கன சென்டிமீட்டர் கொள்ளளவு உடையது, அதே நிறுவனத்தின் மற்றொரு 9.9 மாதிரி 327 கன சென்டிமீட்டர் உடையது. யமஹாவின் மாதிரி ஒன்று 212. ஹோண்டாவின் மாதிரி ஒன்று 222. பெரிய கொள்ளளவுள்ள எஞ்சின் பொதுவாகக் குறைந்த வேகத்திலும் இழுவை காட்டும். ஆனால் எடை கூடும். எந்த நிறுவனத்திற்கும் பரிந்துரை கூறுவது நம் நோக்கமன்று. எண் ஒன்றாக இருந்தும் பொருள் வேறாக இருக்கலாம் என்பதைக் காட்டுவதே நோக்கம்.

இன்னொரு நுட்பமும் உண்டு. இக்காலத்து வெளிப்பொருத்து எஞ்சின்களுக்குப் புரொப்பெல்லர் தண்டில் கிடைக்கும் சக்தியையே அளந்து எழுதுகிறார்கள். ஆனால் நீண்ட தண்டுடன் பொருத்தப்படும் சிறு டீசல் எஞ்சின்களுக்கு, எஞ்சினின் சக்கரத்தில் அளந்த சக்தியே எழுதப்படுகிறது. தண்டில் ஏற்படும் இழப்பு அதில் கழிக்கப்படுவதில்லை. ஆகவே இரண்டிலும் பத்து என்று இருந்தாலும், தண்ணீருக்குள் செல்லும் சக்தி ஒன்றாக இராது.

மூன்று வகைகள்

நம் கரையில் கிடைக்கும் சிறு எஞ்சின்களை மூன்று வகையாகப் பிரிக்கலாம்.

முதலாவது, இரண்டு ஸ்ட்ரோக் எஞ்சின். பெட்ரோலிலோ, பெட்ரோலில் கிளப்பிப் பின்னர் மண்ணெண்ணெயிலோ ஓடும். பாகங்கள் குறைவு, எடை குறைவு, விலையும் குறைவு. எந்தச் சிறு பட்டறையிலும் பிரித்து மாட்டலாம். ஆயினும் இதில் எரியாத எரிபொருள் புகையோடு வெளியேறிவிடுகிறது. பழைய கார்புரேட்டர் அமைப்பில், ஊற்றிய எரிபொருளில் நான்கில் ஒரு பங்கு வரை இவ்வாறு வீணாகிக் கடலில் கலக்கக்கூடும். எரிபொருளோடு ஆயிலும் கலந்தாக வேண்டும். பெட்ரோல் எஞ்சின்களில் 50 லிட்டருக்கு ஒரு லிட்டர் ஆயில் என்பது பொதுவான அளவு. மண்ணெண்ணெய் மாதிரிகளுக்கு அளவு வேறுபடும் என்பதால் எஞ்சினுடன் வரும் கையேட்டில் உள்ளபடியே கலக்க வேண்டும். ஆயில் குறைந்தால் பிஸ்டன் பிடித்துக்கொள்ளும். மிகுந்தால் பிளக்கில் கரி கட்டும்.

இரண்டாவது, நான்கு ஸ்ட்ரோக் பெட்ரோல் எஞ்சின். ஆயில் தனித்தொட்டியில் இருக்கும், கலக்க வேண்டியதில்லை. புகையும் ஓசையும் குறைவு, எரிபொருள் சிக்கனமானது. விலை கூடுதல், பாகங்கள் மிகுதி, பழுது நீக்கப் பயிற்சி பெற்ற கைகள் வேண்டும். கீழே படுக்க வைக்கும்போது கையேட்டில் குறிப்பிட்ட பக்கமாகவே படுக்க வைக்க வேண்டும். இல்லாவிடில் ஆயில் சிலிண்டருக்குள் புகும். கரையில் எஞ்சினைத் தோளில் சுமந்து சென்று கண்டபடி கிடத்தும் வழக்கமுள்ள ஊர்களில் இது கவனிக்கத்தக்கது.

மூன்றாவது, நீண்ட தண்டின் முனையில் புரொப்பெல்லர் அமைந்த டீசல் எஞ்சின். கடலோரத்தில் லாங் டெயில் என்று வழங்குவது இதுவே. எரிபொருள் மிகவும் சிக்கனம். கயிற்றைச் சுற்றியோ கைப்பிடியாலோ கிளப்பலாம். வயல் பம்புசெட்டு எஞ்சினைப் பழுது பார்க்கும் மெக்கானிக்கே இதையும் பார்த்துவிடுவார். மணல்மேடும் கரையலையும் உள்ள இடங்களில் தண்டை மேலே தூக்கிக்கொள்ளலாம். குறைகளும் உண்டு: எடை, அதிர்வு, காதடைக்கும் ஓசை. பல பொருத்துகளில் பல்சக்கரக் குறைப்பு இல்லாமையால் புரொப்பெல்லர் எஞ்சினின் வேகத்திலேயே சுழல்கிறது. அதனால் அதைப் பெரிதாக வைக்க இயலுவதில்லை. உறையில்லாமல் சுழலும் தண்டினால் விபத்தும் நேரக்கூடும்.

எரிபொருள் கணக்கு

பத்துக் குதிரைசக்தியை முழு விசையில் ஒரு மணி நேரம் ஓட்டினால், தோராயமாக, இரண்டு ஸ்ட்ரோக் எஞ்சின் 5 லிட்டரும், நான்கு ஸ்ட்ரோக் எஞ்சின் மூன்றரை லிட்டரும், டீசல் எஞ்சின் இரண்டரை லிட்டரும் குடிக்கும். மாதிரிக்கு மாதிரி இது சற்றுக் கூடலாம், குறையலாம்; ஆனால் வரிசை மாறாது.

ஒரு படகு நாளொன்றுக்கு மூன்று மணி நேர முழு ஓட்டத்திற்கு நிகராக ஓடுகிறது என்றும், ஆண்டில் 200 நாட்கள் கடலுக்குச் செல்கிறது என்றும் வைத்துக்கொள்வோம். ஓட்டம் 600 மணி நேரம். இரண்டு ஸ்ட்ரோக்குக்கு 3,000 லிட்டர்; நான்கு ஸ்ட்ரோக்குக்கு 2,100 லிட்டர்; டீசலுக்கு 1,500 லிட்டர். முதலிரண்டுக்கும் உள்ள வேறுபாடு மட்டும் 900 லிட்டர். கணக்கின் எளிமைக்காக லிட்டர் 100 ரூபாய் என்று கொண்டால், ஓராண்டில் 90,000 ரூபாய். இதனோடு 3,000 லிட்டர் பெட்ரோலில் கலக்கும் ஆயில் 60 லிட்டர். நான்கு ஸ்ட்ரோக்கில் 100 மணிக்கு ஒருமுறை ஏறத்தாழ ஒரு லிட்டர் ஆயில் மாற்றினால் ஆண்டுக்கு ஆறேழு லிட்டர் போதும்.

வாங்கும்போது மிச்சப்படுத்திய தொகை எத்தனை மாதத்தில் கரைந்துபோகிறது என்பதை இந்தக் கணக்கு காட்டும். ஆனால் ஆண்டில் 40 நாட்கள் மட்டும் ஏரியில் ஒரு மணி நேரம் ஓட்டுகிறவருக்கு இக்கணக்கு பொருந்தாது. அவருக்கு விலை குறைந்த எஞ்சினே லாபமாக இருக்கலாம். அவரவர் ஓட்ட நேரத்தைக் கொண்டு அவரவரே கணக்குப் போட வேண்டும். மண்ணெண்ணெய் மானிய விலையில் கிடைக்கிறது என்பதை மட்டும் நம்பி மண்ணெண்ணெய் எஞ்சினை வாங்குவதும் ஆகாது. எஞ்சின் பல ஆண்டுகள் இருக்கும். மானியத்தின் அளவு இடையில் மாறலாம். வெளிச்சந்தை விலையிலும் ஒருமுறை கணக்குப் போட்டுப் பார்த்துவிட வேண்டும்.

புரொப்பெல்லர்: ஏருக்கா, வண்டிக்கா?

ஐந்து குதிரைசக்தி பம்புசெட்டு இரண்டு இருந்தால், ஒன்று ஆழமில்லாத கிணற்றிலிருந்து வாய்க்கால் நிறையத் தண்ணீர் இறைக்கும். மற்றொன்று ஆழத்திலிருந்து குறைந்த அளவு தண்ணீரை மேலேற்றும். சக்தி ஒன்றே, வேலை வேறு. ஒன்றின் வேலைக்கு மற்றொன்றை வைத்தால் மின்சாரமும் வீண், மோட்டாரும் கெடும். படகு எஞ்சினில் இந்த வேறுபாட்டை உண்டாக்குவது புரொப்பெல்லரும் பல்சக்கர விகிதமுமே.

புரொப்பெல்லரில் இரண்டு எண்கள் பொறித்திருக்கும். ஒன்று விட்டம், மற்றது பிட்ச். பிட்ச் என்பது, மரத்தில் திருகாணி ஏறுவதுபோல், நழுவாமல் சென்றால் ஒரு சுற்றில் எவ்வளவு முன்னேறும் என்னும் அளவு. பிட்ச் மிகுதியானால் இலேசான படகில் வேகம் கிடைக்கும். பாரப் படகிலோ எஞ்சின் திணறும். ரேக்ளா வண்டிக்குப் பழகிய காளையைச் சேற்று உழவில் கட்டியது போலாகும்.

ஒரு கணக்கு பார்ப்போம். எஞ்சின் நிமிடத்திற்கு 5,000 சுற்று. பல்சக்கர விகிதம் 2.08, பிட்ச் 8 அங்குலம். புரொப்பெல்லர் நிமிடத்திற்கு ஏறத்தாழ 2,400 சுற்று சுழலும். நழுவல் இல்லையென்றால் படகு மணிக்கு 29 கிலோமீட்டர் செல்ல வேண்டும். ஆனால் வலையும் ஐஸும் ஏற்றிய படகு 11 கிலோமீட்டரே செல்கிறது. மீதி எல்லாம் தண்ணீரைக் கலக்குவதில் போகிறது. அந்தப் புரொப்பெல்லர் அப்படகின் வேலைக்கு ஏற்றதன்று என்பது இதனால் விளங்கும். பாரம் இழுப்பதற்கென்றே அதிக விகிதமும் பெரிய புரொப்பெல்லரும் கொண்ட மாதிரிகள் உண்டு. யமஹாவின் அதிக உந்துவிசை 9.9 மாதிரி ஒன்றில் விகிதம் 2.92. அதில் எஞ்சின் 5,000 சுற்றுச் சுழலும்போது புரொப்பெல்லர் ஏறத்தாழ 1,700 சுற்றே சுழலும். மெதுவாக, ஆனால் மிகுதியான நீரைப் பிடித்துத் தள்ளும். அகன்ற விசிறி மெதுவாகச் சுழன்றாலும் அறை முழுவதும் காற்றடிப்பது போன்றது இது.

நம் குக்கிராமத்தில் நடந்ததும் இதுவே. அங்கே வாங்கிய எஞ்சின்களில் இலேசான உல்லாசப் படகுக்கு ஏற்ற பிட்ச் உள்ள புரொப்பெல்லர் இருந்தது. முழு விசை கொடுத்தும் எஞ்சின் உரிய சுற்றை எட்டவில்லை. அமுங்கி ஓடிய எஞ்சின் சூடேறியது, கரி கட்டியது, எண்ணெயைக் குடித்தது. பக்கத்துத் துறைமுகத்து மெக்கானிக் ஒருவர் சுற்று அளக்கும் கருவியை வைத்துப் பார்த்த பிறகுதான் உண்மை புலப்பட்டது. பிட்ச் குறைந்த புரொப்பெல்லர்களை மாற்றினோம். பிட்ச் ஓர் அங்குலம் குறைந்தால் எஞ்சினின் வேகம் பொதுவாக 200 சுற்று அளவுக்குக் கூடும். உரிய சுற்று கிடைத்தது; விசையைக் குறைத்து வைத்தே முன்பு சென்ற வேகத்தில் செல்ல முடிந்தது. எண்ணெய்ச் செலவும் கண்கூடாகக் குறைந்தது. எஞ்சின் விலையோடு ஒப்பிட்டால் மிகச் சிறிய செலவு அது. வாங்கும் நாளிலேயே கேட்டிருந்தால் அந்தச் செலவுகூட ஏற்பட்டிராது; ஐந்தாவது எஞ்சினும் பிழைத்திருக்கும்.

தண்டின் நீளமும் எஞ்சினின் எடையும்

வெளிப்பொருத்து எஞ்சின்கள் பெரும்பாலும் இரண்டு நீளங்களில் வருகின்றன: 15 அங்குலப் பலகைக்கு ஏற்ற குட்டைத் தண்டு, 20 அங்குலப் பலகைக்கு ஏற்ற நெட்டைத் தண்டு. படகின் பின்பலகை உயரத்தை அளக்காமல் வாங்கக் கூடாது. குட்டைத் தண்டை உயர்ந்த பலகையில் மாட்டினால், அலையில் பின்புறம் எழும்போதெல்லாம் புரொப்பெல்லர் நீரை விட்டு வெளியேறி வெறுமனே சுழலும். நெட்டைத் தண்டைத் தாழ்ந்த பலகையில் மாட்டினால், தேவையின்றி ஆழத்தில் இழுபடும், தரையிலும் இடிபடும். புரொப்பெல்லருக்கு மேலே உள்ள தட்டையான தகடு, படகின் அடிமட்டத்தோடு சமமாகவோ ஓர் அங்குலம் கீழாகவோ இருப்பதே சரியான பொருத்தம்.

எடையையும் கேட்க வேண்டும். 9.9 குதிரைசக்தி நான்கு ஸ்ட்ரோக் எஞ்சின்களில் 37 கிலோ அளவிலும் உண்டு. 47 கிலோ அளவிலும் உண்டு. நாள்தோறும் எஞ்சினைக் கழற்றி வீட்டுக்குச் சுமந்து செல்லும் ஊரில் இந்தப் பத்துக் கிலோ பெரிய வேறுபாடு.

வேகத்திற்கு ஓர் எல்லை உண்டு

பாரம் ஏற்றிய படகு தன் நீளத்திற்கு ஏற்ற ஒரு வேகத்தை எட்டியபின், அதற்குமேல் எவ்வளவு விசை கொடுத்தாலும் தானே எழுப்பிய அலையில் ஏற முயன்று தவிக்குமேயன்றி வேகம் பெறாது. நீர்மட்டத்தில் படகின் நீளம் எத்தனை அடியோ, அதன் வர்க்கமூலத்தை 1.34ஆல் பெருக்கினால், மணிக்கு எத்தனை கடல்மைல் என்னும் எல்லை கிடைக்கும். ஒரு கடல்மைல் 1,852 மீட்டர். 25 அடி நீளத்திற்கு எல்லை 6.7 கடல்மைல், 16 அடிக்கு 5.4 கடல்மைல். பின்புறம் தாழ்ந்து, பின்னால் பெரிய அலை எழுந்தால், எல்லையை எட்டிவிட்டோம் என்று அறிந்து விசையைக் குறைக்க வேண்டும்.

இந்த எல்லைக்குள்ளும் வேகத்தின் விலை கடுமையானது. வேகம் கூடக்கூட வேண்டிய சக்தி ஏறத்தாழ அதன் மும்மடிப் பெருக்கமாக உயர்கிறது. வேகத்தைப் பத்தில் ஒரு பங்கு குறைத்தால் வேண்டிய சக்தி நான்கில் ஒரு பங்குக்கு மேல் குறையும். சேரவேண்டிய நேரம் சற்று நீள்வதைக் கழித்த பின்னும், அதே தூரத்திற்கு எரிபொருள் ஐந்தில் ஒரு பங்கு அளவுக்கு மிச்சமாகும். ஒரு மணி நேரப் பயணத்தில் ஆறேழு நிமிடம் பொறுத்தால் கிடைக்கும் லாபம் இது.

சோதனை ஓட்டம்

விற்பவர் சொல்லையும் விளம்பரத் தாளையும் மட்டும் நம்பாமல், இரண்டு மூன்று எஞ்சின்களை நாமே சோதித்துப் பார்ப்பது கடினமன்று. ஊரில் ஏற்கெனவே உள்ள எஞ்சின்களைக் கொண்டே செய்யலாம். முறை பின்வருமாறு:

1. ஒரே படகு, ஒரே பாரம், ஒரே ஆட்கள். வலையின் எடைக்கு மணல் மூட்டை ஏற்றிக்கொள்ளலாம். படகின் அடியில் பாசியும் சிப்பியும் இல்லாதிருக்க வேண்டும்.

2. காற்று அடங்கிய காலை வேளையில், செல்பேசியின் இடங்காட்டியைக் கொண்டு ஒரு கடல்மைல் தூரத்தை வரையறுக்க வேண்டும்.

3. ஒரே விசையில் போகவும் வரவும் ஓட்டி, இரண்டு நேரங்களையும் குறிக்க வேண்டும். ஒருவழி மட்டும் ஓட்டினால் நீரோட்டம் கணக்கைக் கெடுத்துவிடும். நீரோட்டத்தோடு 12 நிமிடம் ஆனால் வேகம் 5 கடல்மைல், எதிர்த்து 15 நிமிடம் ஆனால் 4 கடல்மைல், சராசரி நாலரை. நேரங்களுக்குச் சராசரி பாராமல் வேகங்களுக்கே சராசரி பார்க்க வேண்டும்.

4. தொட்டியை ஒரு குறிவரை நிரப்பி, அரை மணி நேரம் ஓட்டியபின், அளவு டப்பாவால் மீண்டும் அக்குறிவரை நிரப்பினால், குடித்த அளவு தெரிந்துவிடும். அதை இரண்டால் பெருக்கினால் ஒரு மணி நேரச் செலவு.

5. ஒரு மணி நேரச் செலவைச் சராசரி வேகத்தால் வகுத்தால், ஒரு கடல்மைலுக்கு எத்தனை லிட்டர் என்பது கிடைக்கும்.

இந்தக் கடைசி எண்ணே முக்கியமானது. ஓர் எஞ்சின் ஆறரைக் கடல்மைல் வேகத்தில் மணிக்கு மூன்றரை லிட்டர் குடித்தால், மைலுக்கு 0.54 லிட்டர். மற்றொன்று ஆறு கடல்மைல் வேகத்தில் இரண்டரை லிட்டர் குடித்தால், மைலுக்கு 0.42 லிட்டர். கரையில் நின்று பார்ப்பவர் முதல் எஞ்சினைப் புகழ்வார். கணக்கு எழுதும் இல்லத்தரசி இரண்டாவதையே தேர்ந்தெடுப்பார். பெட்ரோலும் டீசலும் விலையில் வேறுபடுவதால், லிட்டரை ரூபாயாக மாற்றி ஒப்பிடுவது இன்னும் தெளிவு.

பராமரிப்பும் பாதுகாப்பும்

எவ்வளவு நல்ல எஞ்சினும் உப்புநீருக்கு இரை. நீரால் குளிர்விக்கப்படும் எஞ்சினை, ஒவ்வொரு நாளும் கரை சேர்ந்ததும் நல்ல தண்ணீர்த் தொட்டியில் வைத்துச் சில நிமிடம் ஓட்டி உப்பைக் கழுவ வேண்டும். ஓடும்போது பக்கவாட்டில் மெல்லிய நீர்த்தாரை வெளிவருகிறதா என்று பார்த்துக்கொள்ள வேண்டும். அது நின்றால் எஞ்சினையும் உடனே நிறுத்த வேண்டும். குளிர்நீர் ஓடவில்லை என்பதற்கு அதுவே அடையாளம். அடிப்பகுதியில் உள்ள துத்தநாகக் கட்டி, தான் அரிபட்டு எஞ்சினைக் காக்கும். அது பாதி கரைந்ததும் மாற்ற வேண்டும். அதன்மேல் பெயிண்ட் அடித்துவிட்டால் பயனில்லை. பல்சக்கர ஆயில் பால்நிறமாக இருந்தால் நீர் புகுந்துவிட்டது என்று பொருள்.

ஓட்டுபவர் எஞ்சின் நிறுத்தும் கயிற்றைக் கையில் மாட்டிக்கொள்ளாமல் கிளம்பக் கூடாது. அவர் தவறி விழுந்தால் எஞ்சின் நின்று, படகு அவருக்கு அருகிலேயே நிற்கும். பெட்ரோல் ஆவி காற்றைவிடக் கனமானது; படகின் அடியில் தங்கும். ஆகையால் எரிபொருள் ஊற்றும்போது பீடியும் அடுப்பும் கூடவே கூடாது. உயிர்காப்பு உடையும் ஒரு துடுப்பும் எஞ்சினோடு சேர்ந்த உடைமைகள் என்றே கருத வேண்டும்.

ஊராட்சி செய்யத்தக்கவை

கடலோர ஊராட்சிகள் ஆண்டுக்கு ஒருமுறை, கடல் சீற்றம் மிகுந்து படகுகள் கரையில் நிற்கும் வாடைக் காலத்தில், எஞ்சின் பராமரிப்பு முகாம் நடத்தலாம். கிராம இளைஞர் இருவருக்கேனும் நான்கு ஸ்ட்ரோக் எஞ்சின் பழுது நீக்கும் பயிற்சி கிடைக்கச் செய்யலாம். கூட்டாக வாங்கும்போது விலைப்புள்ளி கோரும் தாளில் குதிரைசக்தியை மட்டும் எழுதாமல், எஞ்சின் வகை, கொள்ளளவு, பல்சக்கர விகிதம், புரொப்பெல்லரின் விட்டமும் பிட்சும், தண்டின் நீளம், எடை, முழு விசையில் எரிபொருள் செலவு, அருகில் உதிரிபாகம் கிடைக்கும் ஊர் ஆகிய எட்டையும் கேட்டு எழுத வேண்டும். படகின் நீளம், பலகை உயரம், ஏற்றும் பாரம் ஆகிய மூன்றையும் விற்பவருக்கு நாம் தெரிவிக்க வேண்டும். மானியம் உள்ள காலங்களில் எந்த மாதிரிகளுக்கு அது பொருந்தும் என்பதை மீன்வளத்துறை அலுவலகத்தில் முன்னதாகவே கேட்டறிதல் நன்று.

நம் குக்கிராமத்து ஐந்து குடும்பங்களும் அந்தக் கடனைத் தீர்த்துவிட்டன. நின்றுபோன எஞ்சினுக்குரிய தவணையை மற்ற நால்வரும் பங்கிட்டுக் கட்டினர். அது அவர்களுடைய பெருந்தன்மை. நம் கவனக்குறைவுக்கு அது ஈடாகாது. நோட்டுப் புத்தகம் எழுதிய அம்மையார் இன்றும் எழுதி வருகிறார். அண்மையில் சென்றபோது, இரண்டு பக்கங்களுக்கும் நடுவே மூன்றாவதாக ஒரு பத்தி கோடு கிழித்திருப்பதைக் கண்டோம். “இது என்ன?” என்று கேட்டோம். “மைலுக்கு எத்தனை லிட்டர் என்று எழுதுகிறேன். அது கூடினால் அன்றைக்கே எஞ்சினைப் பார்க்கச் சொல்லிவிடுவேன்” என்றார்.

ஒவ்வொரு படகு வீட்டிலும் அத்தகைய நோட்டுப் புத்தகம் ஒன்று இருக்குமானால், நம் கரையில் எஞ்சினால் கடன்படும் குடும்பங்கள் குறையும் என்பது நம் உறுதியான நம்பிக்கை.